வாத்து ஸ்வெட்டர்

சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், மொட்டை மாடியில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற ஆள் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கால் பொசுங்காமல் இருக்க ஒரு கோணிச் சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் என்னை நிறுத்துவாள் அம்மா. சாக்கு காய்வதற்குள் போன் வந்துவிட்டால் அன்றைக்கு நான் தப்பித்தேன். வராவிட்டால் கால் மாற்றிக் கால் வைத்து நின்றுகொண்டு, கழுத்தில் குத்துகிற கம்பளியைச் சொறிந்துகொண்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் கிடக்கிற துளி நிழலுக்குள் தலையை மட்டும் நுழைத்து வைத்திருப்பேன்.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். எங்கோ ஒரு மலையில். எந்த மலை என்று கேட்டால், "அத்தெல்லாம் சொல்லக் கூடாது பாப்பா" என்பார். மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அவருக்குப் போன் பேச நேரம் கிடைக்கும். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துக் கூப்பிடுவார். எங்கள் ஊரோ உத்திரமேரூருக்கும் மாகறலுக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டின சின்ன ஊர். வீட்டுக்குள் டவர் எடுக்காது. மொட்டை மாடியில், அதுவும் தொட்டி இருக்கிற மூலையில் நின்றால்தான் அப்பாவின் முகம் அசையும். இரண்டடி தள்ளினால் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். ஆக அந்த நேரத்தையும் மாற்ற முடியாது, அந்த மூலையையும் மாற்ற முடியாது. ஸ்வெட்டரை மாற்றியிருக்கலாம். அது ஏன் முடியாமல் போயிற்று என்பதுதான் கதை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது லீவில் வந்தவர் அதை வாங்கி வந்தார். மலையடிவாரத்துக் கடைத்தெருவில் ஒரு அம்மாள் கையால் பின்னியதாம். நல்ல சிவப்பு. நெஞ்சில் ஒரு வெள்ளை வாத்து, மஞ்சள் மூக்கோடு. என் அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாங்க இது? இங்க அடிக்கிற வெயிலுக்கு ஒடம்புத் தோலையே கயட்டி வச்சிடலாம்னு கீது. நீங்க கம்பளி வாங்கியாந்து கீறீங்க!"

அப்பா ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தார். நிஜமாகவே அவருக்கு அது தோன்றவில்லை. தொடர்ந்து இரண்டு குளிர்காலம் அங்கே கிடந்துவிட்டு, பிள்ளைக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தபோது, பிள்ளைக்குக் குளிருமே என்றுதான் அவர் மனசு போயிருக்கிறது. மார்கழிப் பனிக்கே தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும் என்கிற ஊரில் பிறந்து வளர்ந்த மனுஷன். அத்தனையும் மறந்து போயிருந்தது.

லீவு முடிந்து அவர் கிளம்பிய அன்று முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பூட்டின பெட்டியைத் திறப்பதும் திரும்பப் பூட்டுவதுமாக இருந்தார். நானாகத்தான் உள்ளே போய் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கழுத்தை நானாகத்தான் அதற்குள் நுழைத்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரியிலிருந்து கண்டக்டர் வரைக்கும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். செங்கல்பட்டு பஸ் நகர ஆரம்பித்ததும் அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையாட்டினார். எனக்கு ஆட்டினாரா வாத்துக்கு ஆட்டினாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

போய்ச் சேர்ந்து அவர் பேசிய முதல் வீடியோ காலில், "வாத்து எங்க பாப்பா?" என்று கேட்டார். ஓடிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் பின்னால் வெள்ளையாக என்னவோ கிடந்தது. பனியாம். எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

"தொடைக்காத பாப்பா. அப்டியே இரு. நல்லா பாக்கறன்."

கை முகத்தை மறைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையைக் கீழே போட்டேன். வேர்வை மூக்கு நுனி வரைக்கும் வந்து சொட்டியது. அன்றையிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதலில் வாத்தைப் பற்றிய விசாரிப்பு, அப்புறம் தொடைக்காத பாப்பா, அதற்கப்புறம்தான் சாப்பாடு, படிப்பு, மழை எல்லாம்.

இதெல்லாம் ஒரு மாசத்தில் தானாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரு நாள் "எரியுது நைனா, கயட்டிடறன்" என்று சொல்லியிருப்பேன், அவரும் சரி என்றிருப்பார். அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அன்று அம்மா ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டிருந்தாள். வாரக்கணக்கில் வேர்வை குடித்த கம்பளி, வீடே நாறியது. அது கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும்போது, வழக்கமில்லாமல் காலையிலேயே போன் வந்தது. பாவாடை சட்டையோடு மாடிக்கு ஓடினேன். ஏரிக் காற்று முதுகில் பட்டபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியும். அப்பா வாத்து எங்கே என்று கேட்டார். "குளிக்குது நைனா" என்றேன். "சரி, குளிக்கட்டும்" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் இந்தியில் என்னவோ சொல்லிவிட்டு வைத்துவிடும். டிவியில் எங்கோ மலைப்பாதையில் பனி சரிந்ததாகக் காட்டினார்கள். அது அப்பாவின் மலையா, வேறு மலையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா சாப்பாட்டை விட்டாள். மடியில் போனை வைத்துக்கொண்டு மாடி மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் மதியம் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கி வாத்து இல்லாம பேசுன" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. நாலு அடி அடித்திருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

எழுந்து போய் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதே மூலையில் நின்றேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் நின்றேன். பள்ளிக்கூடம் இருந்தால் விட்டு வந்த உடனே யூனிபார்ம் மேலேயே மாட்டிக்கொண்டு நிற்பேன். அப்படி நான் நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம் போன் அடித்தது. ரோடு அடைபட்டுப் போச்சு, டவர் சாய்ஞ்சு போச்சு, எனக்கு ஒண்ணியும் ஆவல என்று அப்பா கத்தினார். அம்மா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் ஸ்வெட்டருக்குள் நின்றேன். எங்களுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்றோடு அது துணி என்கிற நிலையைத் தாண்டிவிட்டது. அம்மா அதை ஊர் அம்மன் கோயிலுக்கு எடுத்துப் போய், பூசாரியிடம் கொடுத்து, அம்மன் காலடியில் வைத்து வாங்கி வந்தாள். வாத்தின் மூக்கில் குங்குமம் வைத்தாள். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பேசி முடித்த மறுநாள்தான் துவைக்க வேண்டும். அடுத்த போனுக்குள் காய்ந்துவிட வேண்டும். அப்பாவிடம் இதில் ஒன்றையும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. அம்மா கொடுமைக்காரி கிடையாது. பயந்து போயிருந்தாள். பயந்தவளோடு ஒரே வீட்டில் இருப்பது கொடுமைக்காரியோடு இருப்பதைவிடச் சிரமம், எதிர்த்துப் பேச மனசு வராது.

அப்பாவின் உயிர் என் கழுத்தில் தொங்குகிறது என்று நான் முழுசாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் அழைத்துப் போனார்கள். நான் போகவில்லை, போன் வந்துவிட்டால்? கோடை லீவுக்கு மாமா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் மிளகாய் காயவைக்க வந்த என் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடத்தில் வாத்து. கரும்பலகையில் வாத்து, என் பெஞ்சில் வாத்து, நான் பதில் சொல்ல எழுந்தால் கடைசி பெஞ்சிலிருந்து வாத்துச் சத்தம். யாரிடம் என்னவென்று விளக்குவது? எங்கப்பா சாகாமல் இருப்பதற்காகப் போட்டிருக்கிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நடுவில் ஒரு வருஷம் அப்பாவைக் கீழே ஏதோ வெயில் ஊருக்கு மாற்றினார்கள். அங்கே அவர் பனியனோடு உட்கார்ந்துதான் பேசுவார். "இன்னாத்துக்கு பாப்பா அது? கயட்டிடு. மூஞ்ச தொடச்சிக்கோ" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் போனுக்குப் பின்னால் நின்ற அம்மா கண்ணை உருட்டித் தலையை ஆட்டினாள். "இல்ல நைனா, புடிச்சிக்கீது" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் மறுபடி மலைக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி தொடைக்காத பாப்பா.

நான் வளர்ந்தேன், வாத்து வளரவில்லை. அதை யாரும் யோசிக்கவே இல்லை. நான் பெரியவளானதற்கு அப்புறம் அது நெஞ்சை அழுத்தியது, அக்குளை வெட்டியது, கை முட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் பாதி மாட்டும்போதே போன் அடித்தது. இரண்டு கையும் மேலே தூக்கியபடி, தலை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டேன். உள்ளே சிவப்பாக இருட்டு. கம்பளி மயிர் வாய்க்குள் போனது. மூச்சை இழுத்தால் கம்பளிதான் வந்தது. வெளியே அப்பாவின் குரல், "ஹலோ, பாப்பா? பாப்பா கீதா?" என்று கேட்டது. அம்மா, "வரா வரா, இதோ வந்துக்கினே கீறா" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் என்னைப் பிடித்து இழுத்தாள். அதற்குள்ளேயே நான் செத்துப் போகப் போகிறேன் என்று நினைத்தேன். எப்படியோ தலை வெளியே வந்தது. சிரித்தேன். "அயகா கீற பாப்பா" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகுப் பக்கத்தை நேராகக் கிழித்தாள். அக்குளையும் பிரித்துவிட்டாள். ஓரத்தை மடித்துத் தைத்து, பழைய உள்பாவாடையின் நாடாவை வெட்டி மூன்று இடத்தில் முடிச்சுப் போடத் தோதாக வைத்தாள். அதற்கப்புறம் முன்னால் பார்த்தால் முழு ஸ்வெட்டர், முழு வாத்து. பின்னால் என் ரவிக்கையும் மூன்று நாடாவும். போனுக்கு முதுகைக் காட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கார்த்திகை மாசம் ஏரி நிரம்பியது. அப்பா கேட்டார், "ஏரி நெரம்பிச்சாமே, காட்டு பாப்பா." எங்கள் மாடியிலிருந்து ஏரி தெளிவாகத் தெரியும். நான் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சந்தோஷத்தில் கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஓடி, தண்ணீர் வழிந்து ஓடுகிற இடத்தைக் கையை நீட்டிக் காட்டினேன். "முதுக காட்டாதடி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது காதில் விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சட்டென்று திரும்பினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "நல்லா நெரம்பிக்கினு கீது" என்றார். நானும் அம்மாவும் அவர் கவனிக்கவில்லை என்று பெருமூச்சு விட்டோம். அதற்குப் பிறகு அவர் ஏரியைக் காட்டச் சொல்லவே இல்லை. லீவில் வந்தபோதெல்லாம் ஸ்வெட்டர் எங்கே என்றும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறாரே, பிழைத்தோம் என்றுதான் இருந்தோம்.

நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம் அவர் ரிட்டயர் ஆகி வந்தார். ஊரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாலை போட்டுக் கூட்டி வந்தது. அன்று அம்மா ஸ்வெட்டரை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

போனில் மணிக்கணக்கில் பேசின இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கும்போது பேச ஒன்றுமில்லை என்பது எவ்வளவு சங்கடம் தெரியுமா? "சாப்ட்டியா பாப்பா?" "சாப்ட்டன் நைனா." அத்தோடு சரி. அவர் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவார். போர்வையைச் சதுரமாக மடிப்பார். கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார், தொட்டிக்கு அடித்தார், அடிக்க வேறு ஒன்றும் இல்லாமல் தென்னை மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். மற்ற நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பினால் காலண்டரைப் பார்ப்பார். மறுபடி ஒரு மாடி மூலையில் என்னை நிறுத்தி வைத்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

எனக்கு நர்ஸ் படிக்க ஆசை. சென்னையில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். தட்டில் கை அப்படியே நின்றது.

"வேணாம் பாப்பா. காஞ்சிபுரத்துல எதுனா படியேன். காலைல பஸ்ல போ, சாய்ந்தரம் வூட்டுக்கு வந்துடு."

"ஏன் நைனா?"

"நான் உன்ன பாக்கவே இல்லியே" என்றார். "நீ நடந்தத பாக்கல. பள்ளிக்கொடத்துல சேத்தத பாக்கல. கொஞ்ச வருசம் என் கண்ணு முன்னால இரு. அப்பால எங்க வேணும்னாலும் போ."

அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை நன்றாக வரும். கெஞ்சுகிற ஆளிடம் என்ன செய்வது? அம்மா ஒரு பக்கம், "அத்தினி வருசம் பேஜார் பட்டு வந்து கீது அந்த மனுசன். உனக்கு இன்னா அவசரம்?" என்றாள். நான் தலையாட்டினேன். பத்து வயதில் நானாகக் கழுத்தை நுழைத்த மாதிரியே இப்போதும் நுழைத்தேன். அந்தச் சென்னைக் கல்லூரியில் சேர வேண்டிய நாள் நெருங்க நெருங்க எனக்கு ராத்திரியெல்லாம் மூச்சு முட்டியது. நெஞ்சின் மேல் வாத்து உட்கார்ந்திருந்தது.

ஒரு மதியம் கரண்ட் இல்லை. வீடு அவிந்தது. துண்டு எடுக்க பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் அந்தச் சிவப்பு தெரிந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அதை உருவி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவர் மடியில் போட்டேன், முதுகுப் பக்கம் மேலே தெரியும்படி.

"பாரு நைனா. இது ஸ்வெட்டரே இல்ல. முன்னால மட்டும்தான் கீது. எனக்கு எப்பவோ பத்தாம போச்சு. கிய்ச்சி, நாடா வச்சிக் கட்டிக்கினுதான் உன்கிட்ட பேசினேன். முதுகெல்லாம் வேர்க்குரு. கொப்பளம் வந்து சீழ் புடிச்சிது. ஸ்கூல்ல எம்பேரே வாத்து. உனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு போட்டுக்கினு நின்னேன்!"

அடுக்களை வாசலில் அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். பலிக்காமல் போய்விடும் என்று இத்தனை வருஷம் மறைத்ததை நான் போட்டு உடைத்துவிட்டேன். அப்பாவின் முகம் வாடப் போகிறது, பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அவர் ஸ்வெட்டரை எடுத்து, நாடா தைத்த இடத்தை விரலால் தடவினார்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஏரிய காட்டுன அன்னிக்கே பாத்துட்டன்."

"அப்பால ஏன் நைனா சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவ போட மாட்டியே."

அதைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார். இத்தனை நாளில் எங்கள் வீட்டுக்குள் அவர் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அங்க வண்டிக்குள்ள குந்திக்கினு இருப்பன். கை வெரலு கீதா இல்லியான்னு கண்ணால பாத்தாதான் தெரியும். சொரணையே இருக்காது. அப்பதான் போன் போடுவன். நீ வருவ. உன் மூஞ்சில வேர்வ வயியும். அத்த பாத்தா நம்மூரு வெயில் எம்மேல அடிக்கிற மாதிரியே இருக்கும். குளுரு கொஞ்சம் வுட்டுடும். அதான் தொடைக்காதன்னு சொல்லுவன்."

வெயில் ஊரில் இருந்த அந்த ஒரு வருஷம் மட்டும் மூஞ்ச தொடச்சிக்கோ என்று சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்துக்குத்தான் முதலில் வாய் திறந்தது.

"எனக்கு எரிஞ்சது உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் நிக்க வச்ச?"

"தெரிஞ்சும்தான் பாப்பா. வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

"இப்பவும் அதத்தான் நைனா கேக்கற. எரிஞ்சாலும் தொடைக்காம நில்லுன்னு கேக்கற."

அம்மா, "வாய மூடுடி" என்றாள். அப்பா அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். ஸ்வெட்டரை முட்டி மேல் விரித்து, கை இரண்டையும் உள்ளே மடக்கி, அவருடைய போர்வைகளை மடிக்கிற மாதிரி சதுரமாக மடித்தார். வாத்து மேலே வந்தது. அதன் மூக்கில் ஒட்டியிருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டினார். வெகு நேரம் கழித்து, "ஆஸ்டலுக்கு எந்த பஸ்ல போவணும்?" என்று கேட்டார்.

அதே பஸ் ஸ்டாண்ட். இந்தத் தடவை ஜன்னலோரம் நான், கீழே அவர். பையைத் திறந்து பார்த்தால் துணிகளுக்கு நடுவில் அம்மா அதைச் செருகி வைத்திருந்தாள். எடுத்து ஜன்னல் வழியாக அப்பாவிடம் நீட்டினேன். "நீயே வச்சிக்கோ நைனா" என்றேன். வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பஸ் திரும்பியதும் நான் பெரிதாக ஒரு மூச்சு விட்டேன். அழுகை வரவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் காற்று முகத்தில் அடிக்க அடிக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படிக்கப் போன புதிதில், நோயாளிகளுக்குப் போட்டுவிடுகிற அங்கியை முதல்தடவை கையில் எடுத்தேன். முன்னால் முழுசு, முதுகுப் பக்கம் திறப்பு, கட்டிக்கொள்ள நாடா. சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என்ன என்று கேட்டாள். சொல்ல முடியவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

நான் வேலை பார்க்கிற இடத்தில் எந்நேரமும் ஏசி. யூனிபார்மின் மேல் நாங்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். என்னுடையது சாம்பல் நிறம், வாத்து கிடையாது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் எனக்குப் போன் பேச நேரம் கிடைக்கும். ஊரில் இப்போது டவர் வந்துவிட்டது, அப்பா கூடத்தில் உட்கார்ந்தே பேசுகிறார். போனில் பேசினால் எங்களுக்கு மறுபடி பேச்சு வருகிறது. ஒரு நாள், "இங்க கையெல்லாம் வெரச்சிப் போவுது நைனா. ஊசி புடிக்க முடியல" என்று சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் அவர் முகமெல்லாம் வேர்வை. சட்டைக் கழுத்து நனைந்திருக்கும். "இன்னா நைனா, கரண்ட் இல்லியா?" என்றால், "இல்ல பாப்பா" என்பார். கோடைக்காலம், ஊரில் அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாங்க இது, இந்தப் புயுக்கத்துல ஃபேன நிறுத்திட்டுக் குந்திக்கினு கீறீங்க? தெனமும் இதே வேலையா?"

அப்பா கையைப் பின்னால் காட்டி அவளை அடக்கினார். அவர் தலைக்குப் பின்னால் சாமி படத்தின் சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். கை அசைந்ததில் போன் கொஞ்சம் சாய்ந்தது. அவர் மடியில் சதுரமாக மடித்த சிவப்புக் கம்பளி தெரிந்தது.

ஃபேனைப் போடு நைனா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அறுபதை நெருங்காவிட்டாலும் வெயில் தாங்குகிற உடம்பில்லை அவருடையது, அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் நர்ஸ். ஆனால் சொன்னால் போட்டுவிடுவார். அடுத்த தடவை காய்ந்த முகத்தோடு வந்து உட்காருவார். என் விரலெல்லாம் விறைத்திருந்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வழிந்து அவர் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

"தொடைக்காத நைனா" என்றேன். "அப்டியே இரு. நல்லா பாக்கறன்."